ஓட்டை தாளில்தான், கோட்டில் இல்லை

பிளேடு தாளைக் கிழிக்கும்போது வருகிற சத்தம் மிகவும் சின்னது. ஆனால் பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், வெள்ளிக்கிழமை காலையில், எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது கேட்டது.

குனிந்து பார்த்தேன். வரைபடத் தாளின் நடுவில், மிளகு போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகக் கீழே பெஞ்சின் பச்சை பெயின்ட் தெரிந்தது. கையில் பாதி பிளேடு. தேர்வு முடியப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

மேற்பார்வைக்கு நின்றிருந்த மலையாள டீச்சர் வந்து பார்த்தார். "அய்யோ சாரே, இது எந்தா செய்தே?" என்றார்.

"இன்னொரு கிராஃப் ஷீட் கிடைக்குமா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு. எல்லார்க்கும் ஒண்ணே உள்ளு. எண்ணித் தந்ததா."

அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. முப்பத்து மூன்று வயது ஆள், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அழுதால் எப்படி இருக்கும்? அழவில்லை.

ஒரு வாசகியின் கேள்வி

தம்மாமில் நாங்கள் ஆறு பேர் ஒரே ரூமில் இருந்ததையும், முறை வைத்துச் சமைத்ததையும் போன வாரம் எழுதியிருந்தேன். திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பிறகும் ஏன் சார் மனைவியை அழைத்துக்கொள்ளவில்லை? மனசில்லையா?"

மனசு இருந்தது. தொழில்தான் இல்லை.

சவுதியில் இகாமா என்று ஓர் அடையாள அட்டை தருவார்கள். அதில் உங்கள் தொழில் என்னவென்று அரபியில் எழுதியிருக்கும். சில தொழில்காரர்களுக்குத்தான் குடும்ப விசா. என் இகாமாவில் 'ரஸ்ஸாம்' என்று இருந்தது. படம் வரைகிறவன், அதாவது டிராஃப்ட்ஸ்மேன். ரஸ்ஸாமுக்குக் குடும்பம் கிடையாது. 'மொஹந்தஸ்' என்று இருந்தால் உண்டு. மொஹந்தஸ் என்றால் பொறியாளர். அதற்குப் பட்டம் வேண்டும்.

என்னிடம் இருந்தது டிப்ளமோ. வேலையில் இருந்தபடியே எழுதக்கூடிய பொறியியல் தேர்வு ஒன்றுக்குப் பதிந்து, ஒவ்வொரு தாளாகத் தாண்டிக்கொண்டே வந்தேன். கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவையும் போனால் பதிவு காலாவதி. முதலிலிருந்து எல்லாத் தாளும் எழுத வேண்டும்.

இதற்கிடையில் என் மனைவி கலைச்செல்விக்கு, அரியலூர் பக்கம் எங்கள் ஊரிலேயே, சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. போனில் அவள் நீட்டி முழக்கவில்லை. "நீங்க பாஸ் பண்ணினா நான் அங்க வரேன். இல்லைன்னா இங்க வேலைக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. மாமியார் வீட்டுல சும்மா உக்காந்து இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாது" என்றாள்.

ஆகவே வாசகி அவர்களே, விஷயம் மனசில் இல்லை. ஒரு கணக்குத் தாளில் இருந்தது.

டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே

எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது எங்கள் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்த யோகன். பருத்தித்துறைக்காரன். என் வயதுதான். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் கணிதம் படித்தவன், அதற்குப் பிறகு நடந்தது எதையும் அவன் பேச மாட்டான், நானும் கேட்க மாட்டேன்.

மத்தியானம் வெயிலுக்காக இரண்டு மணி நேரம் வேலை நிறுத்துவார்கள். எல்லோரும் தூங்கப் போவார்கள். நாங்கள் ஸ்டோரில், டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில், மின்விசிறிக்கு நேராக உட்காருவோம். சிமென்ட் தூளும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை. இன்றைக்கும் புது அட்டைப்பெட்டியைப் பிரித்தால் எனக்குப் பின்னக் கணக்குதான் ஞாபகம் வரும்.

இருவருமே தமிழில் கணக்குப் படித்தவர்கள். அதனால் என்ன, சொற்கள் வேறு. நான் தொலைத் தொடுகோடு என்பதை அவன் அணுகுகோடு என்பான். நான் ஆபீஸ் என்றால் அவன் கந்தோர், நான் வரை என்றால் அவன் கீறு என்பான். முதல் நாள் "உந்தத் தாளில கீறும்" என்றபோது, ஏதோ தப்புச் செய்துவிட்டேன், தாளைக் கிழிக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். தேர்வோ ஆங்கிலத்தில்.

தேர்வில் கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு. மேலே ஒரு கோவை, கீழே ஒரு கோவை வைத்துப் பின்னமாக ஒரு சார்பைத் தருவார்கள். அதன் வரைபடத்தைப் போட வேண்டும். இரண்டு தடவையும் நான் விழுந்த குழி அதுதான்.

யோகன் அதை எனக்குச் சமையல் குறிப்பு மாதிரி பழக்கினான். முதலில் மேலும் கீழும் காரணிப்படுத்து. ஒரே காரணி இரண்டு இடத்திலும் இருந்தால் அடித்துவிடு, ஆனால் மறந்துவிடாதே. அந்த இடத்தில் கோட்டில் ஒரு சின்ன வட்டம் போட வேண்டும். அங்கே ஓட்டை, சார்புக்கு மதிப்பு இல்லை. பிறகு, கீழே மிச்சமிருப்பது எங்கே சுழியமாகிறதோ அங்கே நிமிர்ந்த புள்ளிக்கோடு. அதைக் கோடு ஒருநாளும் தொடாது, பக்கத்தில் வந்து மேலேயோ கீழேயோ பாய்ந்துவிடும். கடைசியாக, x ரொம்பப் பெரிதாகப் போகும்போது எதை ஒட்டிப் போகிறது என்று பார்த்து, அங்கே ஒரு கிடைக்கோடு. மேலே இருப்பதைவிடக் கீழே படி அதிகமென்றால் அந்தக் கிடைக்கோடு x அச்சேதான். நிமிர்ந்ததும் கிடையானதுமான இந்தக் கோடுகள்தான் தொலைத் தொடுகோடுகள்.

இதுவரை தகராறு இல்லை.

மதில்

தகராறு எங்கே வந்தது என்பதைச் சொல்ல, என் வேலையைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும்.

அப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆபீசில் இருந்தது இரண்டு, அதில் ஒன்று மானேஜர் சீட்டாடுவதற்கு. பழைய கட்டடங்களின் ட்ரேசிங் ஷீட்டுகளைத் திருத்துகிற வேலை என் தலையில் இருந்தது. ட்ரேசிங் ஷீட்டில் மையால் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. பிளேடைப் பாதியாக உடைத்து, படுக்க வைத்தாற்போல் பிடித்து, மெதுவாகச் சுரண்ட வேண்டும். பிறகு நகத்தால் தேய்த்தால் வழவழவென்று ஆகிவிடும். அதற்கு மேலேயே புதுக் கோடு போடலாம். நான் சுரண்டிய இடத்தை யாரும் கண்டுபிடித்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

இன்னொன்று, செட்பேக் கோடு. மனையின் எல்லையிலிருந்து இத்தனை மீட்டர் விட்டுத்தான் கட்டடம் வர வேண்டும் என்று நகராட்சி விதி. அதை முதலில் புள்ளிக்கோடாகப் போட்டுக்கொள்வோம். சுவரோ படியோ எதுவும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு தடவை படியின் மூலை கொஞ்சம் தாண்டிவிட்டதற்கு மொத்த வரைபடமும் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருடமாக என் கை புள்ளிக்கோட்டைக் கண்டால் தானாகத் திரும்பிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் யோகன் கொடுத்த கணக்கை முடித்து நீட்டினேன். பார்த்தான்.

"உது என்னப்பா, நடுவில சட்டி மாதிரி வளைச்சு வச்சிருக்கிறீர்?"

"தொலைத் தொடுகோட்டைத் தாண்டக் கூடாதுல்ல? அதான் கிட்ட வந்ததும் மேல திருப்பிட்டேன்."

"ஆர் சொன்னது தாண்டக் கூடாதெண்டு?"

"புக்குல இருக்கு. நெருங்கும், தொடாது."

"அது தூரத்துக்குப் போகேக்குள்ளை. கிட்டடியில வெட்டலாம். நிமிர்ந்து நிக்கிறதைத்தான் தொட ஏலாது, அங்க கீழ சுழியம் வந்திடும். கிடையாக் கிடக்கிறது அப்பிடி இல்லை. விளங்குதோ?"

"பன்னெண்டு வருஷமா கோடு போடறேன்யா. தாண்டக் கூடாத கோடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

யோகன் என் பென்சிலை வாங்கி அந்தக் கிடைக்கோட்டின் மேல் வைத்தான்.

"நீர் கந்தோரில கீறுறது மதில். இது மதில் இல்லையப்பா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்டோர்க்காரன் வந்து எனக்குக் கோடு போடச் சொல்லித் தருவதா என்று மனதில் ஓடியது. வாயால் சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்லியிருக்கும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூன்று நாள் மத்தியானம் ரூமில் படுத்துத் தூங்கினேன். நாலாவது நாள், தேர்வு பயத்தில், வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தேன். அவன் பெட்டியை நகர்த்தி இடம் கொடுத்தான். அந்தக் கணக்கை மட்டும் இருவரும் திரும்பத் தொடவில்லை.

தொட்டிருக்கலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

தேர்வு மையம் பஹ்ரைனில். பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில் இருக்கும், வெளியே போய்த் திரும்பி வர கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், கையெழுத்து வேண்டும். மானேஜரிடம் பல தடவை சலாம் போட்டு, ஒரே ஒரு பயணத்துக்கு வாங்கினேன்.

விடியற்காலை பஸ். கடல் பாலத்தில் நடுவழியில் சோதனைச் சாவடி. அதிகாரி என் இகாமாவைப் பார்த்தார், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரஸ்ஸாம்?"

"ஆமாம்."

"இம்திஹான்? மொஹந்தஸ்?" தேர்வு எழுதிப் பொறியாளர் ஆகப் போகிறாயா என்று கேட்கிறார்.

"இன்ஷா அல்லா" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அந்தச் சிரிப்பை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

கட்டாயக் கேள்வி: மேலே x − 1. கீழே x² − 4.

காரணிப்படுத்தினேன். பொதுக் காரணி இல்லை, ஓட்டையும் இல்லை. 2இலும் −2இலும் நிமிர்ந்த புள்ளிக்கோடுகள். கீழே படி அதிகம், ஆகவே கிடைக்கோடு x அச்சு. இடப்பக்கத் துண்டு அச்சுக்குக் கீழே, வலப்பக்கத் துண்டு மேலே, இரண்டும் தூரத்தில் அச்சை ஒட்டிப் போகின்றன. நடுத்துண்டு −2க்குப் பக்கத்தில் உச்சியிலிருந்து இறங்கி வந்தது. அச்சுக்குக் கிட்டே வந்ததும் என் கை தானாக மேலே திரும்பியது. அழகான சட்டி.

பென்சிலில் விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் பென்சிலில் இருப்பதை டிராயிங் என்று ஒப்படைத்துப் பழக்கமில்லை. டிராயிங் பேனாவை எடுத்து மையிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மற்ற கேள்விகளை முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கால் மணி நேரம் மிச்சம். சும்மா சரிபார்ப்போம் என்று எண்களைப் போட்டேன். x சுழியம் என்றால் கால். சரி, மேலேதான் இருக்கிறது. x ஒன்று என்றால் சுழியம். அச்சின் மேலேயே உட்காருகிறதே? ஒன்றரை போட்டேன். கழித்தல் வந்தது. அச்சுக்குக் கீழே.

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். கழித்தல்தான்.

இது மதில் இல்லையப்பா.

பதறிப்போய் பிளேடை எடுத்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். வளைந்து மேலே ஏறிய பாதியைச் சுரண்ட ஆரம்பித்தேன். இது ட்ரேசிங் ஷீட் இல்லை, சாதாரண வரைபடத் தாள் என்பது கைக்குத் தெரியவில்லை. கிழிந்தது. வேறெங்கும் இல்லை, சரியாக x ஒன்று என்கிற இடத்தில், கோடு அச்சை வெட்ட வேண்டிய அதே இடத்தில்.

அங்கே ஓட்டை தெரிந்தால் திருத்துகிறவர் என்ன நினைப்பார்? அந்த இடத்தில் சார்புக்கு மதிப்பு இல்லை என்று நான் காட்டியதாக நினைப்பார். கிழித்ததும் போய், தப்பான விடையும் சேர்ந்துவிடும்.

பென்சிலை எடுத்தேன். ஓட்டையின் மேல் விளிம்பு வரை கோட்டைக் கொண்டுவந்து, கீழ் விளிம்பிலிருந்து தொடர்ந்து, 2க்குப் பக்கத்தில் அடியாழத்துக்கு இறக்கினேன். பிறகு ஓர் அம்புக்குறி போட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் அது இப்படி வரும்: "ஓட்டை தாளில்தான், கோட்டில் இல்லை. x ஒன்றாக இருக்கும்போது y சுழியம். கோடு இங்கே தொலைத் தொடுகோட்டை வெட்டிக் கீழே போகிறது. மன்னிக்கவும்."

மணி அடித்துவிட்டது.

சொன்னதும் சொல்லாததும்

குதைபியாவில் ஒரு மளிகைக் கடை வாசலில் போன் கூண்டு. கார்டு போட்டுக் கலையைக் கூப்பிட்டேன்.

"எப்படிங்க எழுதினீங்க?"

"நல்லா எழுதியிருக்கேன்."

"நெஜமாவா? ஆர்டருக்குத் திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடவா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கிழிந்தது, பாஸாவது சந்தேகம், நீ வேலையில் சேர்ந்துகொள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதைக் கெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"கொடுத்துடு" என்றேன்.

தம்மாம் திரும்பியதும் யோகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி, பிளேடு, ஓட்டை, குறிப்பு. சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மனுசியிட்டைச் சொன்னீரோ?"

"இல்ல. வேலைய வேண்டாம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் டைல்ஸ் பெட்டியின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான். "கணக்கில விட்டது சின்னப் பிழை. உதுதான் பெரிய பிழை" என்றான்.

முடிவு வரும் வரை மூன்று மாதம். ஒவ்வொரு வெள்ளியும் கலை புதிதாக ஏதாவது கேட்பாள். அங்கே தோசைக்கல் கிடைக்குமா, புடவை கட்டலாமா, மேலே கறுப்பு அங்கி போட்டால் வேர்க்காதா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை போனை வைத்த பிறகும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியும் சொல்லவில்லை.

பாஸாகிவிட்டேன். தேவையான மதிப்பெண்ணுக்கு மேலே இரண்டு. அந்த வரைபடத்துக்குப் பாதி மார்க்காவது விழாமல் இது நடந்திருக்காது. முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில், என் அம்புக்குறியைப் பின்தொடர்ந்து குறிப்பைப் படித்திருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அன்றைக்கே கலைக்குப் போன் செய்து, பாஸானதைச் சொன்ன கையோடு ஓட்டையையும் சொல்லிவிட்டேன்.

"மூணு மாசமா என்கிட்ட சொல்லல."

"பயமா இருந்துச்சு கலை."

"பாஸாகலைன்னா? எனக்கு வேலையும் இல்ல, விசாவும் இல்ல. என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியல."

"வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்தபோது, மஞ்சள் தூள் எத்தனை கிலோ கொண்டுவரலாம் என்று கேட்டாள். அந்த ஓட்டை விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வந்து சேர்ந்தாள்

கம்பெனியின் அரசாங்கக் காகித வேலைகளைப் பார்க்கும் மந்தூப், இரண்டு மாதம் அலைந்து என் இகாமாவை மாற்றிக்கொண்டு வந்தான். அரபியில் மொஹந்தஸ். அதை யோகனிடம் காட்டினேன். அவனுக்கு என்னைவிட நன்றாக அரபி எழுத்து வரும். படித்துவிட்டு, சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

தம்மாம் விமான நிலையத்துக்குக் கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்ததும் அவன்தான். கலை பெரிய பெட்டியோடு வெளியே வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எளைச்சுட்டீங்க" என்றாள். பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியதும் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். புத்தம் புது ரப்பர், மேலே காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"இனிமே பிளேடு வேண்டாம்" என்றாள். "எதையும் என்கிட்ட மறைக்கவும் வேண்டாம்."

யோகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு முதல் தடவையாக அந்த விஷயத்துக்குச் சிரித்தான். "தங்கச்சிக்கு விளங்கினது இவருக்கு மூண்டு தரம் சோதினை எழுதியும் விளங்கேல்லை."

கலைக்கு அவன் பேச்சு பிடித்துவிட்டது. "கணக்கு சொல்லிக்கொடுத்தது நீங்கதானே அண்ணே? உங்க வீட்டம்மாவை எப்ப கூட்டிட்டு வரப் போறீங்க?"

நான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

யோகன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "எனக்கு ஏலாது தங்கச்சி. என்ரை இகாமாவில ஆமில் எண்டெல்லோ கிடக்கு."

"அப்படின்னா?"

"கூலியாள்."

"நீங்களும் அந்தப் பரீட்சை எழுதலாமே. இவரே பாஸ் பண்ணியிருக்காரு."

"பதியிறதுக்குப் பழைய சேட்டிபிக்கற் கேக்கிறாங்கள். என்ரை எல்லாம் வீட்டோட எரிஞ்சுபோட்டுது" என்றான். கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னான். பிறகு கியரை மாற்றி, முன்னால் போன தண்ணீர் லாரியைத் தாண்டினான்.

கலை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கணக்குத் தெரிந்த கூலியாள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். மொஹந்தஸ் நான் பின் சீட்டில், கையில் ரப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.